விரல் வாசித்ததும் பெட்டி எழுதியதும்

காதால் கேட்டதைத் தாளில் எழுதித் தருவது லேசான வேலை என்று நினைப்பவர்கள், கீபோர்டில் வாசித்ததை ஒரே ஒரு முறை கம்ப்யூட்டரை விட்டு எழுதவைத்துப் பார்க்க வேண்டும்.

எண்பதுகளின் கடைசியில் மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில், ஓர் இசைக்கருவிக் கடையின் மாடியில் நான் அந்த வேலை பார்த்தேன். கடை அருள் அண்ணனுடையது. கீழே கித்தாரும் ஹார்மோனியமும் விற்பார். மேலே ஒரு கீபோர்டு, அதிலிருந்து ஒரு கேபிள், கேபிளின் மறுமுனையில் அவர் பினாங்கிலிருந்து வாங்கிவந்த கம்ப்யூட்டர். வாசித்தால் திரையில் ஐந்து கோடு வரும், கோட்டின் மேல் நோட்டுகள் வந்து உட்காரும், பிறகு பிரிண்டர் கரகரவென்று தாளில் அடித்துத் தரும். சொல்லக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உங்களில் யாராவது இந்த மாதிரிப் பெட்டிகளோடு மல்லுக்கட்டியிருந்தால், என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

முதல் நாள்

மாதா கோயிலில் ஆறு வருடம் வாசித்த கை என்ற தைரியத்தில் உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. சின்னப் பாட்டுதான், கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன். முடித்துவிட்டுத் திரையைப் பார்த்தால், சர்க்கரையை மொய்த்த எறும்பு மாதிரி ஒரே கறுப்பு. பிந்தி வைத்த விரல், முந்தி எடுத்த விரல், இரண்டாவது வரியில் வீட்டு ஞாபகம் வந்து தயங்கிய இடம், எல்லாவற்றுக்கும் அந்தப் பெட்டி ஒரு குறி போட்டிருந்தது. கேட்கிற மனிதர்கள் இதையெல்லாம் கண்டுகொள்ள மாட்டார்கள். அது ஒன்றையும் விடவில்லை.

அருள் அண்ணன் வந்து வெகுநேரம் திரையையே பார்த்தார். அப்புறம் என் காதில் ஹெட்போனை மாட்டி, டிக் டிக் என்று தாளம் போடுகிற பட்டனைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "ரோஸ், நீ நடுவுல என்னமோ யோசிச்சிருக்கே, அதையும் சேத்து எழுதிருச்சு. இனிமே இதுக்கு முன்னால உக்காந்து எதையும் யோசிக்காதே லா."

புறா வந்த இடம்

கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் அந்தோணி அண்ணன் டிரஸர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிறவர். தன் கோயில் பாடகர் குழுவுக்காக அவரே ஒரு கிறிஸ்துமஸ் பாட்டுக்கு மெட்டுப் போட்டு, பாடிக் காட்டி, எழுதித் தரச் சொன்னார். நான் வாசித்துக்கொண்டிருந்தபோது மூன்றாவது வரியில் ஜன்னல் வழியாக ஒரு புறா உள்ளே வந்து கீபோர்டின் ஓரத்தில் உட்கார்ந்தது. கை தானாக நின்றுவிட்டது. அது கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்துவிட்டுப் பறந்து போனது. விட்ட இடத்திலிருந்து வாசித்து முடித்தேன். அந்த நிறுத்தத்தைக் கம்ப்யூட்டர் மௌனக் குறியாகப் போட்டுவைத்ததை நான் கவனிக்கவில்லை. தாளும் அப்படியே அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

கிறிஸ்துமஸ் முடிந்த பிறகு, என்னிடமிருந்த பிரதியைப் புரட்டும்போதுதான் கண்ணில் பட்டது. அவர் அடுத்த முறை வந்தபோது தப்பைச் சொல்லி, திருத்தித் தருகிறேன் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. பாடகர்கள் பன்னிரண்டு பேரும் ஒரு மாதம் பழகி, சரியாக அந்த இடத்தில் நின்றார்களாம். கோயிலில் ஒரு சத்தமில்லை. தகரக் கூரையில் மழை விழுவது மட்டும் கேட்டதாம். தாளை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு சொன்னார்: "அதை எடுத்துடாதே தங்கச்சி. அந்த இடத்துலதான் ஃபாதர் கண்ணை மூடி ஜெபிச்சாரு."

புஷ்பா

புஷ்பா பினாங்கு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரிக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறவள். எந்தக் கருவியும் வாசிக்கத் தெரியாது. வேலை நேரத்தில் பேசக் கூடாது என்பதால் மனசுக்குள்ளேயே ஒரு மெட்டு முணுமுணுப்பாளாம்; அது தாளில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. வேறு காரணம் எதுவும் இல்லை. அவள் முணுமுணுக்க நான் வாசித்தேன். அவள் திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்துக்கொண்டு, கோடுகளில் நோட்டுகள் ஒவ்வொன்றாக வந்து உட்காருவதைக் கண் கொட்டாமல் பார்த்தாள்.

தாளைக் கையில் கொடுத்ததும் விரலால் கோட்டைத் தடவிப் பார்த்தாள். அவள் நாள் முழுக்கச் செய்கிற சிலிக்கான் சில்லுகள்தான் இந்தப் பெட்டிக்குள்ளும் இருக்கும் என்று அருள் அண்ணன் சொன்னார். "நாங்க மைக்ரோஸ்கோப்புல பாக்குறதும் இப்படித்தான்க்கா இருக்கும், கோடு கோடா, புள்ளி புள்ளியா. அதுல பாட்டு வரும்னு யாரும் எங்களுக்குச் சொல்லலை" என்றாள்.

கரண்ட் போன மதியம்

பாடாங் மேஹாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார்கள் காளிமுத்து அண்ணனும் அவர் மனைவி செல்லம்மா அக்காவும். அவர் தோட்டத்துக் கோயில் பஜனையில் ஹார்மோனியம் வாசித்தவர். ரப்பர் ஆலை உருளையில் மாட்டி வலது கையில் இரண்டு விரல் போய் ஏழு வருடமாகியிருந்தது. கல்யாணமான புதிதில் மனைவிக்காக அவர் போட்ட மெட்டு ஒன்று இருந்தது. மிச்ச மூன்று விரலால் வீட்டில் அதை வாசிப்பார். ஆனால் வர வர அது தேய்ந்துகொண்டே போகிறது, முழுசாக மறப்பதற்குள் எழுதிவைக்க வேண்டும் என்று அக்காதான் இழுத்து வந்திருந்தார்.

கீபோர்டுக்குத் துருத்தி கிடையாது. ஆனாலும் அவர் இடது கை காற்றில் துருத்தி போட்டுக்கொண்டே இருந்தது. ஹெட்போன் தாளம் அவருக்கு ஒத்துவரவில்லை, கழற்றிவிட்டேன். அரை மணி நேரம் திரும்பத் திரும்ப வாசித்து, ஒரு வழியாக முடிவுக்கு வந்தபோது கரண்ட் போய்விட்டது. நான் டிஸ்க்கில் ஏற்றவில்லை. திரை கறுத்துப்போனதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்தது. அவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, என்னைத் தேற்றுகிற மாதிரிச் சொன்னார்: "விடும்மா. இன்னிக்கு அதுக்கு வர மனசில்லை போல."

இரண்டு விரல் இடம்

இனி வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மூன்றாவது வாரம் வந்தார்கள். இந்த முறை ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, டிஸ்க்கில் ஏற்றிவிட்டே அடுத்த வரிக்குப் போனேன். எழுதி முடித்துப் பார்த்தால் திரையில் அங்கங்கே ஓட்டை. அந்த இரண்டு விரல் தொட்டிருக்க வேண்டிய இடங்கள். வாயால் பாடுங்கள் அண்ணே, நான் சேர்த்துவிடுகிறேன் என்றேன். அவர் பாடத் தொடங்கி, முதல் ஓட்டையிலேயே நின்றுவிட்டார். மறுபடி பாடினார், மறுபடி அதே இடத்தில் நின்றார். மெட்டு அவர் விரலுக்குத்தான் தெரிந்திருந்தது, வாய்க்குத் தெரியவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

அப்போது பின்னால் நாற்காலியில் இருந்த அக்கா, வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, மிக மெல்லிய குரலில் முனகினார். மூன்றே சுரம். ஓட்டைக்குள் அப்படியே போய்ப் பொருந்தியது. அடுத்த ஓட்டைக்கும் முனகினார், அதற்கடுத்ததற்கும். நான் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனேன். அண்ணன் திரும்பவே இல்லை. தலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கடைசியில் பட்டனைத் தட்டியதும் கம்ப்யூட்டர் அந்த மெட்டைத் தொடக்கத்திலிருந்து வாசித்தது. மத்தியான வெயில் தரையில் நகர்ந்து அவர்கள் கால்வரைக்கும் வந்திருந்தது. முடிந்த பிறகு அண்ணன், இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அக்கா சொன்னார்: "நீங்க விட்ட இடத்தையெல்லாம் ஏழு வருசமா நான்தானே மனசுக்குள்ள வாசிச்சுக்கிட்டிருந்தேன். இனிமே சும்மா உக்காந்து கேக்கலாம்."

நாலு வருடம் அடுத்தவர்கள் வாசித்ததை எழுதிக் கொடுத்ததில் எனக்கு மிஞ்சியது ஒரு மூக்குக் கண்ணாடியும், யார் பேசினாலும் நடுவில் எத்தனை தாளத் தட்டு மௌனம் என்று எண்ணிக்கொண்டிருக்கிற கெட்ட பழக்கமும்தான்.