ஒரே ஒருவருக்குத் திறந்த கடை

அமெரிக்காவின் சான் ஹோசேயில் கம்ப்யூட்டர்காரர்களுக்கா பஞ்சம்? தடுக்கி விழுந்தால் ஒருவர் மேல்தான் விழ வேண்டும். ஜெயபிரகாஷும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். பூச்செடிகளை இணையத்தில் விற்கும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. அந்தக் கடையின் வலைத்தளத்தைக் கட்டியதில் பாதி அவன் கை.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குக் காட்டும் முன் தன் கணினியிலேயே வலைத்தளத்தை வழங்கும் சர்வர் மென்பொருளை நிறுவி, தளத்தை அதில் ஓட்டிப் பார்ப்பார்கள். அங்கே எதைக் கெடுத்தாலும் வெளியே ஈ காக்கைக்குத் தெரியாது. ஜெயபிரகாஷும் தன் அபார்ட்மென்டில் அப்படி ஒன்றை வைத்திருந்தான். கம்பெனியின் தளம் அச்சு அசலாக அதில் இருந்தது.

கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து அப்பா நஞ்சுண்டன் வருவதற்கு டிக்கெட் எடுத்தாயிற்று. மனைவி போனபின் அவருக்கு இருப்பது இந்த ஒரு பிள்ளை. பைபாஸ் ஆபரேஷன் ஆன உடம்பு, அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்தா கம்பெனியை மூட வேண்டும்? 2001 மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டுக் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார்கள். தளமும் அன்றோடு அணைந்தது. வேறு வேலை கிடைக்காவிட்டால் விசா நிலைக்காது. அப்பாவிடம் அவன் மூச்சு விடவில்லை. அடுத்த வாரம் அவர் வந்து இறங்கினார்.

வந்ததும் வராததுமாக, மகன் கட்டிய கடையைப் பார்க்க வேண்டும் என்றார். அதற்கு அவன் தயாராகத்தான் இருந்தான். கம்பெனியின் பெயரை அடித்தால் வெளியே எங்கும் தேடாமல் வீட்டுச் சர்வருக்கே வரும்படி கணினியில் மாற்றி வைத்திருந்தான். கடை ஜம்மென்று திறந்தது. ஊழியர்களைக் காட்டும் பக்கத்தில் மகனின் போட்டோவைப் பார்த்து அப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

அதோடு விட்டானா, பாவி! தினமும் காலையில் காபி குடித்ததும் அவர் கணினி முன் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன செடி வந்திருக்கிறது என்று கேட்பார். அவருக்காகவே முகப்பில் செடியை மாற்றினான். விலையைக் கூட்டினான், குறைத்தான். பிறகு ஆபீஸ் போகிறேன் என்று கிளம்பி நூலகத்தில் உட்கார்ந்து வேலைக்கு விண்ணப்பம் அனுப்புவான். பதிலே வராது. செத்துப்போன கடையை ஒரே ஒரு வாடிக்கையாளருக்காக உயிரோடு வைத்திருந்தான்.

பக்கத்து ஊரான ஃப்ரீமான்டில் அவன் பெரியம்மா மகள் கண்மணி இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கணவன் மகாதேவன் வந்து நஞ்சுண்டனை விருந்துக்கு அழைத்துப் போனான். அவர்களிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும் என்று ஜெயபிரகாஷுக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு சாமர்த்தியசாலி!

சாயங்காலம் கண்மணி போன் பண்ணினாள். அவள் வீட்டுத் தோட்டத்துக்கு மகன் கடையிலிருந்தே ஒரு ரோஜாச் செடி வாங்கித் தர வேண்டும் என்று சித்தப்பா ஆசைப்பட்டாராம். அங்கேயே கம்ப்யூட்டரில் திறக்கச் சொல்லியிருக்கிறார். திறக்கவில்லை. அது மூடி மூன்று மாசமாச்சே மாமா என்று மகாதேவன் சொல்லிவிட்டான்.

"சித்தப்பா மூஞ்சியே செத்துப் போச்சுடா. அவருக்குத் தெரியாதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? இப்போதான் கார்ல கிளம்பினாங்க" என்றாள்.

அப்பாவுக்கு வழியில் ஏதாவது ஆகிவிடுமோ என்று அவன் வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தான். ஆனால் நஞ்சுண்டன் நிதானமாகப் படியேறி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கணினி முன் போய் உட்கார்ந்தார். கடையைத் திறக்கச் சொன்னார்.

அவன் திறந்தான். செடிகள் பளிச்சென்று வந்து நின்றன.

"இங்க தெறக்குது. அங்க தெறக்கல" என்றார் அப்பா.

ஜெயபிரகாஷ் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். எப்படிச் செய்தான் என்பதையும் சொன்னான்.

"இத்தனை நாளா நூலகத்துல தனியா உக்காந்திருந்தியா கண்ணு?"

"ஆமாங்ப்பா."

"ஏமாத்துனதுக்கு எனக்கு வருத்தமில்ல. எம் பையன் தன் கஷ்டத்தச் சொல்ல முடியாத ஆளா நான் ஆயிட்டனே, அதுதான் தாங்கல கண்ணு."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் சொன்னதுதான் உண்மை.