பன்னிரண்டு பிரிஸம்

போன வாரம் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தேன். இரண்டு மாதமாக எதைப் பார்த்தாலும் ஒரு மங்கல். கடையில் இருந்த பெண் கண்ணாடியை வாங்கி, டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்தாள். "சட்டையில துடைப்பீங்களா சார்?" என்று கேட்டாள். சாதாரணக் கேள்விதான். "இல்லையே" என்று சொன்னேன். எழுபதை நெருங்கும் வயதில், பேத்தி வயதுப் பெண்ணிடம், ஒன்றுக்கும் ஆகாத பொய்.

அந்தப் பெண் சாய்த்துப் பிடித்த விதம் இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வந்தேன். அப்படிப் பிடிப்பது எல்லோருக்கும் வராது. விரல் ஓரத்தை மட்டும் தொட வேண்டும், வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் நெய்வேலியில் நான் செய்த வேலையே அதுதான்.

கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். பஜாருக்குப் பின்னால் மூன்று அறை. சர்வே கருவிகளையும் பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்புகளையும் பழுது பார்க்கும் தனியார் பட்டறை. டிப்ளமோவைக் கையில் வைத்துக்கொண்டு திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்திருந்தேன். ஒரு வருடம் ப்ரொபேஷன். வேலை என்ன என்று ஊரிலிருந்து அம்மா கடிதத்தில் கேட்டபோது, "கண்ணாடியில கீறல் பாக்குறது" என்று எழுதினேன். அதற்கா மூன்று வருடம் படிக்க வைத்தோம் என்று அம்மா அடுத்த கடிதத்தில் எழுதியிருந்தாள்.

வடக்கிலிருந்து மரப்பெட்டியில் வைக்கோல் திணித்து பிரிஸங்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண். முதல் எண் கீறலுக்கு, இரண்டாவது சின்னக் குழிகளுக்கு. எண் குறையக் குறையத் தரம் உயர்வு. அறுபது-நாற்பது என்றால் பள்ளிக்கூடத்துக்குப் போதும். நாற்பது-இருபது கருவியின் நடுவில் உட்காரலாம். கண் வைத்துப் பார்க்கும் முனைக்குப் பக்கத்தில் வைப்பதற்கு மட்டும் இருபது-பத்து. அந்த இடத்தில் மயிரிழைக் கீறல்கூடத் தாம்புக்கயிறாகத் தெரியும். பெட்டி மேல் ஒட்டியிருக்கும் எண்ணை நம்ப முடியாது. கறுப்புத் துணி விரித்து, மேஜை விளக்கைச் சாய்த்து, மாதிரிக் கீறல் தகட்டோடு ஒப்பிட்டு நாமே தரம் பிரிக்க வேண்டும். ஒரு பிரிஸத்துக்கு நான் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வேன்.

அஞ்சலை அரை நிமிடம் எடுத்துக்கொள்வாள். கான்ட்ராக்டில் பிரிஸம் கழுவ வந்தவள். என்னைவிட ஓரிரண்டு வயது பெரியவளாக இருப்பாள். நிலக்கரி மைன்ஸ் ஓரத்தில் ஒரு கிராமம், கூலி வேலை செய்யும் குடும்பம். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒற்றி எடுத்து, ரப்பர் பல்பால் ஊதிவிட்டு, ஜன்னல் பக்கம் ஒரு தடவை திருப்பிப் பார்ப்பாள். "இது ஆவாது சார், மூலையில கோடு இசுத்துக்கினு இருக்கு பாருங்க" என்பாள். என் கண்ணுக்குத் தெரியாது. லென்ஸை வைத்துத் தேடினால் இருக்கும். நான் அதை என் கையெழுத்தில் நோட்டில் எழுதிக்கொள்வேன். முதலாளி என் கண்ணைப் பாராட்டுவார். வெட்கமில்லாமல் கேட்டுக்கொள்வேன்.

இங்கே நெய்வேலியின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் அங்கே எதிலும் துடைக்காமல் உட்கார மாட்டார்கள். அனல்மின் நிலையப் புகைபோக்கிச் சாம்பல் ராத்திரியெல்லாம் மெல்லிசாக இறங்கியிருக்கும். சைக்கிள் சீட், பஸ் ஸ்டாண்ட் பெஞ்சு, சாமி படம், சாப்பாட்டுத் தட்டு, எல்லாவற்றுக்கும் ஒரு துடைப்பு. எந்த ஊரிலிருந்து வந்தவனானாலும் பாக்கெட்டில் ஒரு துணி இருக்கும். வந்த புதிதில் நான் சிரித்தேன். ஒரு மாதத்தில் என் கையும் அப்படியே ஆகிவிட்டது. கல்யாண வீட்டில் துடைத்து வைத்த நாற்காலியையும் மறுபடி துடைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அந்த வருடம் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. இருபது-பத்து தரத்தில் பன்னிரண்டு பிரிஸம். அவை தேறினால் அஞ்சலையை பர்மனென்ட் ஆக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். "பர்மனென்ட் ஆயிட்டா பொண்ண டவுன்ஷிப் ஸ்கூல்லயே போட்டுருவேன் சார். அவ வயக்காட்டுக்குப் போவக் கூடாது" என்று அஞ்சலை என்னிடம் இரண்டு மூன்று தடவை சொன்னாள். பத்து நாள் சலித்து, பன்னிரண்டையும் தேர்ந்தெடுத்துக் கறுப்புத் துணியில் வரிசையாக வைத்தோம். தேர்ந்தெடுத்தோம் என்பது மரியாதைக்கு. தேர்ந்தெடுத்தது அவள்.

ஆர்டர் கொடுத்த இடத்திலிருந்து சோதிக்க ஆள் வரும் நாள் காலை. முதல் ஷிப்ட் சங்கு ஊதி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மேலே போர்த்தியிருந்த துணி காற்றில் விலகியிருந்தது. ஜன்னல் சரியாகச் சாத்தாததால் பிரிஸங்கள் மேல் லேசாகச் சாம்பல். என் கை பாக்கெட்டுக்குள் போனது. கைக்குட்டையை எடுத்துப் பன்னிரண்டையும் பளபளவென்று துடைத்துவிட்டேன். யோசிக்கவே இல்லை. அந்தச் சாம்பல் மணல் மாதிரி கண்ணாடியை அறுக்கும், உலர்ந்த துணி படவே கூடாது என்று நானே சுவரில் எழுதி ஒட்டியிருந்தேன். நிமிர்ந்தபோது வாசலில் தண்ணீர்க் குடத்தோடு அஞ்சலை நின்றுகொண்டிருந்தாள். என் கையிலிருந்த கைக்குட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

வந்தவர் விளக்கைச் சாய்த்தார். முதல் பிரிஸத்தைக் கீழே வைத்தார். இரண்டாவதையும் வைத்தார். பன்னிரண்டிலும் ஒரே திசையில் மெல்லிய கோடுகள். அவர் போன பிறகு முதலாளி கேட்டார், "யாரு இதத் துடைச்சது?"

நான் மேஜை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் துடைக்கல சார்" என்றாள் அஞ்சலை. ஒரே ஒரு தடவை.

"கழுவுறது நீதானம்மா? வேற யாரு தொடுவா?"

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு ப்ரொபேஷன் முடிய ஏழு வாரம் இருந்தது. அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்ப வேண்டியிருந்தது. இதெல்லாம் பின்னால் நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணங்கள். அந்த நேரத்தில் இருந்தது வெறும் பயம். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி அவளிடம் சொன்னார்.

சாயங்காலம் சைக்கிளை எடுக்கப் போனபோது வேப்ப மரத்தடியில் நின்றிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன் சார்" என்றாள். அப்புறம், "வூட்டுக்கு நேரமாவுது" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

எனக்கு வேலை நிரந்தரமானது. நாலு வருடத்தில் கோயம்புத்தூருக்கு மாறினேன். ஆனால் இன்று வரை ஒரு டம்ளரைக்கூட வெளிச்சத்தில் சாய்க்காமல் நான் தண்ணீர் குடித்ததில்லை. சாய்த்தால் கோடுகள் தெரிகின்றன, கோடே இல்லாத டம்ளரிலும் தெரிகின்றன. மனைவி இதை என் சுத்த மோகம் என்று உறவினர்களிடம் கேலி செய்வாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். நாற்பது வருடக் குடித்தனத்தில் அவளிடம்கூட அஞ்சலையின் பேரைச் சொன்னதில்லை.

ரிட்டயரான பிறகு ஒரு தடவை நெய்வேலிக்குக் கிளம்பிப் போனேன். பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. இருக்கட்டும், நான் அதற்காகப் போகவில்லை. அவள் ஊர்ப் பேரைச் சொல்லி பஸ்ஸில் டிக்கெட் கேட்டேன். கண்டக்டர் சின்னப் பையன். பக்கத்து சீட்டுப் பெரியவரைப் பார்த்தான். "அந்த ஊரு இப்ப இல்லீங்களே. மைன்ஸுக்குள்ள போயி ரொம்ப வருசமாவுது. சனங்க நாலா பக்கமும் பூட்டாங்க" என்றார் பெரியவர்.

கடைசி நிறுத்தத்தில் இறங்கி மண்மேட்டு வேலி வரை நடந்தேன். காலி செய்த ஊர் என்றால் குட்டிச்சுவராவது நிற்கும், கிணறாவது கிடக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கே தரையே இல்லை. ஊர்க்காரர்கள் நடந்த மண்ணையே மைன்ஸ்காரர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அஞ்சலையின் வாசல் இருந்த உயரத்தில் வெறும் காற்று. கீழே, அத்தனை ஆழத்தில், லாரிகள் சத்தமில்லாமல் ஊர்ந்தன. பர்மனென்ட் கிடைத்திருந்தால் அந்தப் பெண் குழந்தை எங்கே படித்திருக்கும், இப்போது எங்கே என்ன வேலை செய்துகொண்டிருக்கும் என்று கணக்குப் போட்டபடி வெகு நேரம் நின்றேன்.

காவலுக்கு இருந்தவர் அருகே வந்தார். நல்ல மனிதர், அதட்டவில்லை. "யாரத் தேடுறீங்க சார்?" என்றார்.

அந்த ஆளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் எனக்கு என்ன நஷ்டம்?

"யாரையும் இல்லீங்க, சும்மா பாக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குத் திரும்பினேன்.