இரண்டாவது அட்டை

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் வாரத்தில் அவளிடம் வந்து, "அக்கா, இங்க என்னென்ன புக் இருக்கு?" என்று கேட்பார்கள். எல்லோரும் அவளை லைப்ரரி அக்கா என்று கூப்பிட்டதால் வந்த குழப்பம் அது. அவள் முகத்தில் சிரிப்பே இல்லாமல், "நிறைய இருக்கு. ஆனா மெஷினுக்குத்தான் படிக்கத் தெரியும்" என்பாள்.

அவள் பார்த்துக்கொண்டது டேப் லைப்ரரியை. பேட்டரி தயாரிக்கும் பெரிய கம்பெனி ஒன்றின் தலைமை அலுவலகம் அது. கீழ்த்தளத்தில் மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கணினி இருக்கும் குளிர் அறை. அதற்கு அடுத்த கதவு அவளுடையது. சம்பளம், விற்பனை, சரக்கு, தொழிலாளர்களின் ரத்தப் பரிசோதனை என்று கம்பெனியின் விவரமெல்லாம் கொஞ்ச காலம் மெயின்ஃப்ரேமிலேயே இருக்கும். பழசானதும் கார்ட்ரிட்ஜுக்குப் போய்விடும். கார்ட்ரிட்ஜ் உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புப் பெட்டி. உள்ளே சுற்றியிருக்கும் நாடாவை இழுத்துவிட்டால் தெருக்கோடியைத் தாண்டும். அவற்றை அலமாரியில் அடுக்குவது, கேட்கும்போது எடுத்து நாடாவைப் படிக்கும் டிரைவில் போடுவது, தேய்ந்ததைப் புதியதற்கு மாற்றுவது, இதுதான் அவள் வேலை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் அவள் ஸ்வெட்டரோடுதான் சாப்பிட வருவாள். பார்க்கிறவர்களுக்கு அது தினமும் ஒரு வேடிக்கை.

அவளோடு சேர்ந்து சாப்பிடுகிறவள் நெட்டை. டேட்டா பாதுகாப்புப் பிரிவில் சூப்பர்வைசர். ஆறடியைத் தொடும் உயரம். பேரை விட்டுவிட்டு எல்லோரும் நெட்டை என்றே கூப்பிட்டார்கள், அவளும் அதில் பெருமைப்பட்டாள். ஏணி இல்லாமல் மேல் தட்டுக் கார்ட்ரிட்ஜை எடுத்துத் தருவாள். "உன் அலமாரிக்காகவே என்னைப் பெத்திருக்காங்க போல" என்பாள். லைப்ரரி அக்காவின் கணவர் இறந்தபோது வீட்டிலேயே வந்து தங்கி, குழந்தையைப் பள்ளிக்கூடம் அனுப்பி, அழுகிறவளை அதட்டிக் குளிக்கவைத்தவள் நெட்டைதான். கூடப் பிறந்தவள் என்று அவளைச் சொல்லிக்கொள்வதில் லைப்ரரி அக்காவுக்குக் கூச்சமே இருந்ததில்லை.

ஒருமுறை வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோன கார்ட்ரிட்ஜ் பெட்டி ஒன்று வழியில் காணாமல் போனது. யார் கையில் சிக்கியதோ, என்னத்தைப் படித்தார்களோ என்று மேலிடம் கதிகலங்கிப் போனது. அதற்குப் பிறகு புது டிரைவுகள் வந்தன. இவை எழுதும்போதே எல்லாவற்றையும் பூட்டி எழுதும். திருடுகிறவன் கையில் கிடைப்பது வெறும் கிறுக்கல். திறக்கும் சாவி நாடாவில் இருக்காது. தனியாக இன்னொரு கணினியில் இருக்கும். டிரைவ் ஒவ்வொரு முறையும் அதனிடம் சாவி கேட்டு வாங்கிக்கொள்ளும். பழைய கார்ட்ரிட்ஜ்களில் இருந்ததையும் இப்படிப் பூட்டியே மாற்றி எழுதினார்கள்.

படிப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் சாவியைப் புதிதாக உண்டாக்கவோ அழிக்கவோ இரண்டு அட்டைகள் வேண்டும், இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கொரு ரகசிய எண் வேண்டும். தனி ஒருவர் நினைத்தால் எதுவும் நடக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. முதல் அட்டை நெட்டையிடம். இரண்டாவது லைப்ரரி அக்காவிடம்.

அவளுடைய தம்பி அதே கம்பெனியின் தொழிற்சாலையில் ஈயம் உருக்கும் பிரிவில் இருந்தான். அக்கா வேலை பார்க்கிற இடம்தானே என்ற தைரியத்தில் சேர்ந்தவன். அங்கே சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்பதைத் தொழிலாளிக்குச் சொல்லமாட்டார்கள். "வேலைக்குத் தகுதி" என்று மட்டும் சொல்லி அனுப்புவார்கள். தம்பிக்கு முதலில் வயிற்றுவலி. பிறகு காரணமில்லாத எரிச்சல், தூக்கமில்லை. பிறகு ஒரு நாள் பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தவனால் மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை. துவைத்துப் போட்ட துணி மாதிரி தொங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஈயம் உடம்பில் ஊறிவிட்டது என்றார் டாக்டர். அவனைப் போல அந்தப் பிரிவில் இன்னும் பலர் இருந்தார்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தார்கள். அவர் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பினார்.

தம்பிக்குப் பக்கத்தில் லைப்ரரி அக்கா லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது நெட்டை வந்தாள். வாசலில் தலை இடிக்காமல் குனிந்து நுழைந்தவள், ஆப்பிளும் ஃபிளாஸ்க்கில் சூப்பும் கொண்டுவந்திருந்தாள். தம்பியால் ஸ்பூனைப் பிடிக்க முடியவில்லை என்று பார்த்ததும் தானே கட்டிலில் உட்கார்ந்து ஊட்டினாள்.

"நீ சீக்கிரம் எழுந்து வாடா. உன் அக்கா மூஞ்சியப் பார்த்துச் சாப்பிட்டா எனக்கே அஜீரணமாகுது" என்றாள். தம்பி பல நாளைக்குப் பிறகு சிரித்தான்.

கிளம்பும்போது வராந்தாவில் நின்று, "நாளைக்கு ஆடிட் ட்ரில் வெச்சிருக்காங்கடி. ரெண்டு கார்டும் வேணுமாம். நீ வந்துதான் ஆகணும்னு மேனேஜர் நிக்கிறாரு" என்றாள்.

"இவனை விட்டுட்டு எப்படி வருவேன்?"

"அதான் நானும் சொன்னேன். கார்டை என்கிட்ட குடு, நம்பரைச் சொல்லு. நான் பார்த்துக்கறேன். டெஸ்ட் சாவி ஒண்ணைப் போட்டு எடுக்கப் போறாங்க, அவ்வளவுதான்."

கொடுக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். கேட்டவள் வேறு யாராக இருந்தாலும் யோசித்திருப்பாள். கைப்பையைத் திறந்து அட்டையை எடுத்துக் கொடுத்தாள். நம்பரைக் காதில் சொன்னாள். நெட்டை அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். இரண்டு நாள் கழித்து அட்டை பத்திரமாகத் திரும்பி வந்தது.

சில வாரங்களில் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. பழைய ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கொண்டுவந்து காட்டும்படி உத்தரவு வந்தது. அன்று காலை லைப்ரரி அக்கா சீக்கிரமே வேலைக்கு வந்தாள். மனசுக்குள் ஒரு நிம்மதி. இத்தனை வருஷம் எதற்காக இந்தப் பெட்டிகளைத் துடைத்துத் துடைத்து அடுக்கினோம் என்பதற்கு ஒரு பதில் கிடைத்த மாதிரி இருந்தது. அலமாரியில் ஒரு கார்ட்ரிட்ஜ்கூடக் குறையவில்லை. அந்த முடிவுகள் இருந்த முதல் பெட்டியை டிரைவில் போட்டாள். டிரைவ் அதன் பேரைப் படித்தது, நாடாவைச் சுற்றியது, நின்றது. திரையில் சாவி இல்லை என்று வந்தது. இன்னொன்றைப் போட்டாள். அதுவும் அப்படியே. டிரைவை மாற்றிப் போட்டாள்.

மெயின்ஃப்ரேமைக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம் புரோகிராமரைக் கூப்பிட்டாள். அதிகம் பேசாத மனிதர். வெகுநேரம் திரையைப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்தச் சாவியெல்லாம் அழிச்சாச்சு. மாத்துப் பிரதியும் இல்ல" என்றார்.

"யாரு அழிச்சா? ரெண்டு கார்டு போடாம அழிக்க முடியாதே?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டு கார்டும் போட்டிருக்காங்க. ரெண்டாவது உங்களுது."

எந்த நாள் என்று கேட்டாள். சொன்னார். அன்று அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். சூப்பின் வாசனை சட்டென்று நினைவுக்கு வந்தது.

நெட்டையை மாடிப்படியில் மடக்கினாள். சாப்பாட்டு நேரம், மேலும் கீழும் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். இருவரும் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள்.

"என் கார்டை வெச்சு என்னடி பண்ணே?"

"ட்ரில்லுன்னு சொன்னேனே."

"பொய் சொல்லாத. பழைய சாவி ஒண்ணுகூட இல்ல. எல்லாம் கிறுக்கலாக் கிடக்கு."

நெட்டை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "மேலேருந்து ஆர்டர். மேனேஜர் பக்கத்துலயே நின்னாரு. நான் பண்ணலன்னா வேற யாராவது பண்ணியிருப்பாங்க."

"வேற யாராவது வந்து கேட்டிருந்தா நான் கார்டு குடுத்திருக்கமாட்டேன்."

"அது தெரிஞ்சுதான் என்னை அனுப்பினாங்க."

லைப்ரரி அக்கா ஒரு படி கீழே இறங்கி நின்றாள். ஏற்கனவே உயரமானவள் இப்போது இன்னும் உயரத்தில் தெரிந்தாள்.

"அவன் கையைப் பார்த்தியேடி நீ. பக்கத்துல உட்கார்ந்து பார்த்தியே."

"பார்த்தேன்" என்றாள் நெட்டை. "பார்க்காம இருந்திருக்கலாம்னு தோணுது. ஆனா எனக்கும் வீடு இருக்கு, ரெண்டு பொண்ணு இருக்கு. என்னைத் தலைமைப் பொறுப்புக்குப் போடறேன்னாங்க. இல்லேன்னா வெளிய போன்னாங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்பேன்னு எனக்குத் தெரியாதா?"

அன்று மத்தியானம் இருவரும் தனித்தனி மேஜையில் உட்கார்ந்தார்கள். கேண்டீனில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

கம்பெனி நீதிமன்றத்தில் ஒரு கதை சொன்னது. காலாவதியான சாவிகளை நீக்கும் வழக்கமான வேலையில் இந்தச் சாவிகளும் தவறுதலாகப் போய்விட்டன. செய்தது டேப் லைப்ரரிப் பொறுப்பாளர். அவர் அட்டைதான் சாட்சி. தம்பியின் வழக்கில் அக்காவையே குற்றவாளியாக்கிவிட்டார்கள். தொழிலாளர்கள் சிலர் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். உருக்கும் பிரிவில் வேலை பார்த்த ஒருவரின் மனைவி நீதிமன்ற வராந்தாவில், "காசு வாங்கிட்டுத் தம்பியையே வித்துட்டியா?" என்று நேரே கேட்டாள்.

சாட்சிக் கூண்டில் அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். "கார்டைக் குடுத்தது நான்தான். நம்பரைச் சொன்னதும் நான்தான். குடுக்கக் கூடாதுன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன். ஆனா அந்த அறைக்குள்ள அன்னைக்கு நான் இல்ல" என்றாள்.

அடுத்து நெட்டை. வக்கீலம்மா சுற்றி வளைக்காமல் கேட்டார்: "ரெண்டாவது கார்டை மெஷின்ல வெச்சது யாரு?"

லைப்ரரி அக்கா பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். மாடிப்படியில் பேசியதை இங்கேயும் சொல்லிவிடுவாள், எத்தனையானாலும் நெட்டை நெட்டைதான் என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது. நெட்டை அவள் பக்கம் திரும்பினாள். ஒரு நொடிதான்.

"அவங்கதான் வெச்சாங்க" என்றாள்.

அவங்க. பழக்கமில்லாத ஆளைச் சொல்வது போல அந்த மரியாதை. பொய்யைவிட அந்த ஒரு சொல்தான் லைப்ரரி அக்காவைக் குத்தியது. நெட்டையின் மேல் இருந்த நம்பிக்கை மாடிப்படியிலேயே போய்விட்டது என்று நினைத்திருந்தாள். இப்போதுதான் முழுக்கப் போனது.

வழக்கைத் திருப்பியவர் புரோகிராமர். அவரை யாரும் எதிர்பார்க்கவில்லை. சாவிகளை அழித்த அன்று தான் வேலையில் இருந்ததாகவும், மேனேஜரும் நெட்டையும் மட்டுமே உள்ளே போனதாகவும், இரண்டு அட்டைகளையும் நெட்டை கையில் பார்த்ததாகவும் சொன்னார். "ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்டதற்கு, "பயந்தேன்" என்றார்.

பூட்டிய நாடாவை எந்த நிபுணராலும் திறக்க முடியாது என்பது முடிவாயிற்று. ஆனால் நீதிபதி அதை அப்படியே விடவில்லை. நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு கம்பெனியே சாவியை அழித்திருப்பதால், அந்தப் பதிவுகள் தொழிலாளர்கள் சொன்னதைத்தான் காட்டியிருக்கும் என்று எடுத்துக்கொள்வதாகத் தீர்ப்புச் சொன்னார். வைத்தியச் செலவும் நஷ்ட ஈடும் கிடைத்தன. மேனேஜர் மீதும் நெட்டை மீதும் தனி வழக்கு போட்டார்கள். அட்டையைக் கைமாற்றியதற்காக லைப்ரரி அக்காவின் வேலையும் போனது. அதை எதிர்த்து அவள் மேல்முறையீடு செய்யவில்லை. வராந்தாவில் அவளைத் திட்டிய பெண் வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டாள்.

தம்பியின் மணிக்கட்டு பாதிதான் தேறியது. ஒரு சாயங்காலம் விரல்களுக்குப் பயிற்சி செய்துகொண்டே, "நெட்டை அக்கா அன்னைக்கு என்கிட்ட சிரிச்சுப் பேசினதெல்லாம் நடிப்பாக்கா?" என்று கேட்டான்.

"தெரியலடா" என்றாள். உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. நடிப்பு என்றால் ஒருவழியாக மறந்துவிடலாம். பாசம் நிஜமாக இருந்து, அதையும் வைத்துக்கொண்டே அட்டையைக் கேட்டிருந்தால் என்ன செய்வது? இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது அவள் ஒரு அச்சகத்தில் கணினி வேலை பார்க்கிறாள். போன மாதம் மருந்துக் கடை வரிசையில் நின்றபோது பின்னாலிருந்து ஒரு குரல், "தம்பி எப்படி இருக்கான்?" என்றது. திரும்பினாள். நெட்டை. கொஞ்சம் கூன் விழுந்திருந்தது, தலை நரைத்திருந்தது. என்றைக்காவது பார்த்தால் கேட்பதற்கென்று எத்தனையோ கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தாள். முகத்துக்கு நேராகச் சொல்ல வசவுகளும் இருந்தன.

"பரவால்ல. இப்ப நல்லா இருக்கான்" என்று சொல்லிவிட்டாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது. மருந்தை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்தாள். நெட்டையின் மேல் வரவேண்டிய கோபம், பதில் சொன்ன தன் வாயின் மேல் வந்தது. வீடு வந்து சேரும்வரை அது ஆறவில்லை.