அப்பா வீசிய துண்டு

சின்ன மாமா இண்டர்மீடியட் பரீட்சையில் கோட்டை விட்ட வருஷம்தான் எனக்கு வாய்த்த கோடை விடுமுறைகளிலேயே உத்தமமானது. அவர் பாஸ் செய்திருந்தால் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார். ஃபெயிலானதால் சைக்கிள் விட்டார். முன்பாரில் துண்டை மடித்துப் போட்டு என்னையும் உட்கார வைத்துக்கொண்டு விட்டார். கடவுள் என்னை உத்தேசித்துத்தான் அவரைக் கணக்குப் பரீட்சையில் கவிழ்த்தார் என்று நான் மனப்பூர்வமாக நம்பினேன்.

அவர் அம்மாவின் கடைசித் தம்பி. புதுக்கோட்டையில் எங்கள் வீட்டில் தங்கித்தான் காலேஜில் படித்தார். உலகச் சண்டை ஆரம்பிப்பதற்கு முந்தைய கோடை அது. டயரும் டியூபும் கடையில் கேட்டால் கிடைத்த காலம். எங்கள் தெருவிலேயே அவரைப் போலக் கணக்கில் கவிழ்ந்தவர்களும், பாஸ் செய்தும் வேலை கிடைக்காதவர்களுமாகச் சிலர் இருந்தார்கள். எல்லாரும் சேர்ந்து ஒரு சைக்கிள் கோஷ்டி ஆனார்கள். விடிவதற்குள் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் சித்தன்னவாசல் பாறை நிழலில் இருப்போம். இன்னொரு நாள் குடுமியான்மலை. கந்தர்வக்கோட்டைப் பக்கம் போன அன்று முந்திரித் தோப்பில் பழத்தைச் சப்பி எல்லாருக்கும் தொண்டை கட்டிக்கொண்டது. என் பாவாடையில் விழுந்த கறை கடைசி வரை போகவே இல்லை. அம்மா அந்தக் கறையைக் காட்டிக் காட்டி மாமாவைத் திட்டுவாள். பொட்டைப்பிள்ளை வெயிலில் கறுத்துப் போகிறாள் என்று என்னையும் சேர்த்துத் திட்டுவாள். மறு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவளேதான் தயிர்ச்சோறு கட்டித் தருவாள்.

நார்த்தாமலைக்குப் போனபோது ஒற்றையடிப் பாதையும் தீர்ந்து வெறும் பாறையாகிவிட்டது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். காற்றடிக்கும் பம்பு என் பொறுப்பு. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மனுசனைச் சைக்கிளு சொமக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். இங்கிட்டு என்ன, மனுசன் சைக்கிளைச் சொமக்குறான்" என்றாள். மாமா கோஷ்டி சைக்கிளைத் தோள் மாற்றிக்கொண்டு ஏறியது.

அப்பா சமஸ்தானத்துக் கோர்ட்டில் குமாஸ்தா. சிரிப்பையும் கோபத்தையும் அளந்து செலவழிக்கிறவர். மச்சினன் ஊர் சுற்றுவதை வாரக் கணக்கில் பொறுத்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது தீர்ப்பைச் சொல்லிவிட்டார். அறந்தாங்கிக் கோஷ்டியோடு ரேஸ் வைக்கப் போவதாக மாமா பீற்றிக்கொண்டிருந்த சமயம் அது.

"மாப்பிளே, ஜெயிச்சா சைக்கிள் ஒன்கிட்டயே இருக்கட்டும். தோத்தா அதை வித்துப்புட்டுக் கும்பகோணத்துக்கு ரயில் ஏறிடணும்."

கும்பகோணத்தில் அப்பாவின் அண்ணா ஜவுளிக்கடை வைத்திருந்தார். காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைத்த பிறகும் துணியை விரித்து மடித்துக்கொண்டே இருக்க வேண்டிய கடை. மாமா சிரித்துக்கொண்டே சரி என்றார். சைக்கிளும் போய், மாமாவும் போனால் அப்புறம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை எதற்கு?

பந்தயத்துக்கு இடம் தேடி மாமா அறந்தாங்கி ரோட்டில் ஒரு கிராமத்துக் கண்மாயைக் கண்டுபிடித்தார். இரண்டு ஊருக்கும் பாதி வழி. கோடையில் தண்ணீர் வற்றி நடுவில் மட்டும் முழங்கால் அளவு கிடந்தது. கரையோ தண்டவாளம் போல நீண்டு, செம்மண் இறுகி, சைக்கிள் விடுவதற்கென்றே போட்ட மாதிரி இருந்தது. அங்கே மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவரிடம், வருகிற ஞாயிற்றுக்கிழமை இங்கே ரேஸ் வைக்கலாமா என்று மாமா கேட்டார். "தாராளமா வாங்க. அன்னைக்குச் சனமும் நெறைய இருக்கும்" என்றார் அவர். சொல்வதற்கு முன்பே நம் ரேஸ் கிராமம் வரைக்கும் எட்டிவிட்டது என்று மாமாவுக்கு ஒரே பெருமை.

ரேஸைத் தொடங்கி வைக்க ஒரு பெரிய மனிதர் வேண்டும் என்று கோஷ்டி அப்பாவையே பிடித்தது. மாமா தோற்பதை நேரில் பார்த்துவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, வெளுத்த வேட்டியும் வெள்ளைத் துண்டுமாக என்னையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்துவிட்டார்.

போய் இறங்கினால் கண்மாய்க் கரையின் வெளிச் சரிவு நெடுக ஜனம். ஆணும் பெண்ணும் குஞ்சு குளுவானுமாகப் பனைமர நிழலில் குந்தியிருந்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் இன்னும் வந்துகொண்டே இருந்தார்கள். ஆளுக்கொரு மூங்கில் கூடை. கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும், அடியே இல்லாமல் இருந்தது. எதற்கு இது என்று மாமாவைக் கேட்டேன்.

"கோழி கவுக்குற கூடை பாப்பா. சந்தைக்குப் போறவங்க, நம்ம ரேஸைக் கேள்விப்பட்டு நின்னுட்டாங்க" என்றார் மாமா.

எங்கள் தெருவே மீன் வாசம் அறியாத தெரு. அதனால் அவர் சொன்னது கோஷ்டியில் எல்லாருக்கும் சரியாகத்தான் பட்டது. அறந்தாங்கிக்காரர்கள் வந்து சேர்ந்ததும் அவர்களுடைய தலைவன் கூட்டத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டு, "இன்னைக்கேதான் வைக்கணுமா?" என்று கேட்டான். "பயந்துட்டான்" என்று மாமா என் காதில் சொன்னார். எனக்கு அப்போதுதான் கொஞ்சம் உயிர் வந்தது.

கரையின் நடுவில், மடைக்கு மேலே ஒரு கல்மேடை இருந்தது. அப்பா அதில் ஏறி நின்றார். பக்கத்தில் நான். கரைக் கோடியில் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. அப்பா விசிலை ஊதினார். அந்த இரைச்சலில் அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மறுபடி ஊதினார். மாமா அங்கிருந்து கையை வாயருகே குவித்துக்கொண்டு, "அத்தான், கேக்கலை. துண்டை வீசுங்க" என்றார்.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து உயரத் தூக்கினார். அவ்வளவுதான், கரை முழுக்கப் பேச்சு நின்றுவிட்டது. குந்தியிருந்தவர்கள் எழுந்துகொண்டார்கள். அழுத குழந்தைகூட அடங்கியது. அத்தனை பேரும் அப்பாவின் கையையே பார்த்தார்கள். கோர்ட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதுகிறவரை யார் இப்படிப் பார்த்திருப்பார்கள்? அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. வேண்டிய நேரத்தைவிடச் சற்று அதிகமாகவே கையைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு அழகாக வீசினார்.

சைக்கிள்கள் புறப்பட்டன. ஜனமும் புறப்பட்டது. ஒரே குலவைச் சத்தம். சரிவில் இருந்தவர்கள் கூடையும் வலையுமாகக் கரையேறி, கரையைக் குறுக்கே கடந்து, கண்மாய்க்குள் ஓடினார்கள். சைக்கிள்களுக்கு ஒதுங்கக்கூட இடமில்லை. அறந்தாங்கித் தலைவன் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே இறங்கிப் போனதைப் பார்த்தேன். மாமா கொஞ்ச தூரம் முன்னால்தான் இருந்தார். மணியை அடித்துக்கொண்டே வந்தவரை யாரோ ஒரு அம்மாளின் கூடை மாட்டி இழுத்தது. மாமா, சைக்கிள், கூடை மூன்றும் சேர்ந்து சேற்றில் போய் விழுந்தன. மண்டியிட்டு எழுந்த மாமாவின் சட்டைக்குள் ஏதோ துள்ளியது. அவர் குதித்த குதிப்பில் சேற்றில் நின்றவர்களெல்லாம் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். நானும் அழ வேண்டியதை மறந்துவிட்டுச் சிரித்தேன்.

அப்போதுதான் கோயில் பக்கமிருந்து மேளத்தோடு ஒருவர் வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. தோளில் மஞ்சள் தண்ணீர் தெளித்து மடித்த ஒரு வெள்ளைத் துண்டு. அவர்தான் அந்த ஊர் அம்பலம், அதாவது ஊர்த்தலைவர். வருஷா வருஷம் சாமி கும்பிட்டுவிட்டு வந்து, அந்த மேடையில் ஏறி அவர் துண்டு வீசிய பிறகுதான் ஜனம் மீன் பிடிக்க இறங்கும். அவர் கண்மாயைப் பார்த்தார். மேடையில் நின்ற அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் கையில் இருந்த துண்டைப் பார்த்தார். மேளம் நின்றுவிட்டது.

அப்பா மேடையிலிருந்து இறங்கி, விஷயம் தெரியாமல் நடந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று சொல்வதற்குள் வியர்த்து வழிந்துவிட்டார். அம்பலம் தன் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு சிரித்துவிட்டார்.

"சாமி கும்புட்டு முடிச்சாச்சு. இனி ஆரு வீசுனா என்னங்க? வீசுனது வீசுனதுதான். மொத மீனு ஒங்களுக்குத்தான்."

சொல்லி வாய் மூடவில்லை, ஒருவர் என் கை நீளத்துக்கு ஒரு விராலைக் கொண்டுவந்து அப்பாவின் இரண்டு கையிலும் வைத்துவிட்டார். அது வாலை அடித்தது. அப்பா அதைக் கைக்குழந்தையை வாங்கத் தெரியாதவர் போலப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் சைவம் என்று மெதுவாகச் சொன்னார். அம்பலம் அவர் தோளில் கைபோட்டு, காதோடு காதாக ஏதோ சொன்னார். அப்பா முகம் மாறியது. மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஊர்ப் பக்கம் பார்த்தார். பிறகு அம்பலத்தோடு ஊருக்குள் நடந்து அவர் வீட்டுக்குள் போனார். மீனும் உள்ளே போனது.

என்னையும் கோஷ்டியையும் கிணற்றடியில் குளிக்கச் சொல்லி, நுங்கும் வாழைப்பழமும் கொடுத்தார்கள். அம்பலம் என்னிடம், "நல்லாச் சாப்புடு ஆத்தா, ஒங்கப்பாவுக்கு உள்ளாற தனியா எலை போட்டுருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். முன்சக்கரம் அப்பளமாக வளைந்திருந்தது. ஒருவரும் எல்லையைத் தொடவில்லை. அப்படியானால் மாமா ஜெயிக்கவில்லை. ஜெயிக்காவிட்டால் கும்பகோணம்தானே? நுங்கை அப்படியே வைத்துவிட்டேன்.

அப்பா வெகு நேரம் கழித்து வந்தார். அவர் வெளியே வந்த பிறகுதான் அந்த ஊரில் மற்ற வீட்டுக் கூரைகளிலிருந்து அடுப்புப் புகை கிளம்பியது. எனக்கு அது விநோதமாக இருந்தது. வெற்றிலை போடும் வழக்கமே இல்லாத அப்பா வெற்றிலை கேட்டு வாங்கினார். மென்று முடித்து இன்னொன்று கேட்டார்.

"என்ன அத்தான் சாப்பாடு?" என்று மாமா கேட்டார்.

"கத்திரிக்காய்க் கொழம்பு. பரவாயில்லை."

மாமா குனிந்து சக்கரத்தைத் துடைத்தார். அவர் தோள் குலுங்கியது. பாவம், அழுகிறார் என்று நினைத்தேன்.

அம்பலம் எங்களுக்கு ஒரு மாட்டு வண்டி கட்டிக் கொடுத்தார். நான் அப்பாவின் மடியில் சாய்ந்துகொண்டேன். பொறுக்க முடியாமல், மாமா கும்பகோணம் போகணுமா என்று கேட்டுவிட்டேன். அப்பா வலது கையால் என் முகத்துத் தூசியைத் துடைத்தார். அந்தக் கையில் புளியும் வெந்தயமுமாக, நான் அதுவரை அறியாத ஒரு கமகமப்பு இருந்தது. எங்கள் வீட்டுக் கத்திரிக்காய்க் குழம்பு அப்படி மணந்ததே இல்லை.

"ரேஸே நடக்கலையே. நடக்காத ரேஸ்ல ஜெயிச்சவன் ஏது, தோத்தவன் ஏது? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் அப்பா. "வீட்டுல போய் எல்லாத்தையும் சொல்லிக்கிட்டு இருக்க வேண்டாம் மாப்பிளே" என்றும் சொன்னார். மாமா, "எனக்கு என்ன தெரியும் அத்தான், நான் சேத்துல கெடந்தேன்" என்றார். கோர்ட்டில் வேலை பார்க்கிறவர்கள் எத்தனை நியாயமாகப் பேசுகிறார்கள் என்று எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அந்த வருஷம் அந்தக் கண்மாயில் என்றுமில்லாத மீன் கிடைத்ததாம். ஐயா கை ராசியான கை என்று மறு கோடைக்கு அம்பலமே ஆள் விட்டார். மாமா அதற்குள் பாஸ் செய்து பள்ளிக்கூட வாத்தியாராகியிருந்தார். ரேஸை உள்ளூரிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று அவர் சொல்லிப் பார்த்தார். "அந்தக் கம்மாக்கரை மாதிரி ரோடு இங்க எங்க இருக்கு?" என்று அப்பா ஒரே போடாகப் போட்டுவிட்டார். பங்குனி பிறந்துவிட்டால் போதும், இந்த வருஷம் ரேஸ் எப்போது என்று அவரே கேட்க ஆரம்பித்துவிடுவார். அதற்கென்று புதுத் துண்டு வாங்கினார். எங்கள் அப்பாவைப் போல சைக்கிள் ரேஸில் பிரியமுள்ளவர் சமஸ்தானத்திலேயே கிடையாது என்று நான் பள்ளிக்கூடம் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பல வருஷம் கழித்துத் திருச்சியில் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறையில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டேன். புளி, வெந்தயம், அந்தக் கமகமப்பு. அது அப்பாவின் கை. நான் சிரித்த சிரிப்பில் சிநேகிதியின் அம்மா கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.

மாமாவைப் பார்த்ததும் கேட்டேன். துண்டு வீசியவர் முதல் மீனைச் சாப்பிடாமல் அந்த ஊரில் மற்ற வீடுகளில் யாரும் அடுப்பு மூட்டக்கூடாதாம். ஊரே பசியோடு காத்திருக்கிறது என்று அம்பலம் அப்பாவின் காதில் சொன்னது அதைத்தானாம். முதல் வருஷம் ஊருக்காகச் சாப்பிட்டார், மற்ற வருஷங்களுக்கு ஊர் மேல் பழி போட முடியாது என்றார் மாமா.

அந்த மற்ற வருஷங்களில் நடந்ததெல்லாம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா மேடையில் ஏறி முதலில் மீன்பிடிக்குத் துண்டு வீசுவார். ஜனம் பிடித்துக் கரையேறியதும் ரேஸுக்கு இன்னொரு முறை வீசுவார். சைக்கிள்கள் கரை திரும்பும் வரைகூட அவர் நிற்கமாட்டார், விறுவிறுவென்று அம்பலத்தின் வீட்டுக்குள் போய்விடுவார். மாமா ஜெயித்ததை ஒரு தடவைகூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. மாமா தோற்றுவிடுவாரோ என்கிற பதைப்புத் தாங்காமல்தான் அப்பா உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறார் என்று நினைத்து, அவர் வருகிற வரை அந்த வாசலிலேயே நான் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு நிற்பேன்.