மூக்குக்கு எட்டாத வாசனை

பிரிஞ்சாங் மலையூரின் மளிகைக் கடையில் சவர்க்காரத் தூள் பொட்டலத்தின் மூலையை நகத்தால் கிழித்து, மூக்கருகே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார் வேலாயி. கடைக்காரர் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார். "போன தடவ வந்த சரக்கு இது இல்லலா. என்னமோ மாத்திப்புட்டான்" என்று தீர்ப்பு வரும். ஆனாலும் அதே பொட்டலத்தைத்தான் வாங்குவார். என்ன மாற்றினார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

புதிதாக எது வந்தாலும் முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும் அவருக்கு. பிளாஸ்டிக் மழைச்சட்டை, ஒட்டுப்பசை, கொசுவர்த்தி, ஊசி போடுமுன் நர்ஸ் கையில் தடவும் பஞ்சு. "இதுல என்னத்தப் போட்டிருக்கான்?" என்று கேட்காமல் எதையும் வீட்டுக்குள் விடமாட்டார். தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை. கனத்த உடம்பு, சேலைக்கு மேல் கணவரின் பழைய சட்டை, காலில் கறுப்பு பூட்ஸ், காதில் மட்டும் எப்போதும் பளிச்சென்று கல் தோடு. தோட்டக் குடியிருப்பான லயத்தில் அவருக்கு 'மோப்பம்' என்று பட்டப்பெயர். அப்படிக் கூப்பிட்டால் கோபம் வராது. "மூக்கு இருக்கிறவளத்தானே அப்பிடிக் கூப்புடுவாங்க!"

அந்த மூக்கு ஒரே ஒருமுறை தோற்றது.

வேலாயியும் கணவர் பக்கிரிசாமியும் தேயிலைச் சரிவை ஒட்டிய துண்டு நிலத்தில் முட்டைக்கோஸ் போடுகிறார்கள். எண்பதுகள் பிறந்தபோது மலை முழுக்க ஒரே புலம்பல். அரிசி நீளத்தில் சாம்பல் நிற அந்துப்பூச்சி. அது இடும் முட்டையிலிருந்து வரும் பச்சைப் புழு. புது மருந்து வரும், ஒரு பருவம் கேட்கும், அடுத்த பருவம் புழுவுக்கு அது பழகிவிடும். பக்கிரிசாமி மருந்தோடு மருந்தைக் கலந்து அடித்துப் பார்த்தார். அடித்த அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. தலை சுற்றி வாசற்படியில் உட்கார்ந்துவிடுவார். இத்தனைக்கும் பிறகு ஒருநாள், சரக்கு ஏற்ற வந்த சீனத் தவுக்கே முதலாளி ஒரு கோஸைப் பிளந்து பார்த்துவிட்டு, வெறும் லோரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

"நெலத்த விட்டுடுவோம் புள்ள. புழு திங்கறதுக்கு நாம ஏன் பாடுபடணும்?" என்றார் பக்கிரிசாமி.

நிலம் போவதைப் பற்றி வேலாயி அவ்வளவாகக் கவலைப்படவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் கிடந்த மனிதரைப் பார்க்கத்தான் அவருக்குப் பொறுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நளினி வந்தார். ஈப்போக்காரப் பெண், வேதியியல் படித்துவிட்டு விவசாய ஆராய்ச்சி வேலையில் மலைக்கு மாற்றலாகி வந்தவர். அவர் கையிலிருந்த கண்ணாடிக் குப்பிக்குள் விரல்நுனி அளவில் ரப்பர்த் துண்டுகள். பெண் அந்து தன் உடம்பிலிருந்து ஒரு வாசனையை விடும். அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் ஆண் வந்து சேரும். அது எதனால் ஆனது என்பதை ஜப்பானில் சில ஆண்டுகளுக்கு முன்புதான் கண்டுபிடித்தார்கள். இப்போது பூச்சியே இல்லாமல் ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்துவிடுகிறார்கள். ரப்பரில் ஊறியிருப்பது அதுதான். பசை தடவிய அட்டையின் நடுவில் வைத்தால் ஆண் பூச்சி ஏமாந்து வந்து ஒட்டிக்கொள்ளும். பூச்சி வரத்து கூடும்போது மட்டும் மருந்தடித்தால் போதும், சும்மா சும்மா அடிக்க வேண்டாம் என்றார் நளினி.

வேலாயி ஒரு துண்டை எடுத்து முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"மிஸ், இதுல ஒண்ணுமே இல்லலா. வெறும் கித்தா வாசந்தான் அடிக்குது."

"ரப்பர் வாசனதான் நமக்குத் தெரியும் அக்கா. மத்தது அதுக்கு மட்டும்தான் தெரியும். கையால தொடாதீங்க, அந்த வாசன ஒட்டிக்கும்."

"என் மூக்குக்கு எட்டாதது அந்தப் பொடிப் பூச்சிக்கு எட்டுமாக்கும்!"

பக்கத்து நிலத்து வீரப்பன் வேலிக்கு அப்பாலிருந்து சிரித்தார். "பூச்சிக்கு மாப்புள்ள பாக்கிறதுக்கா கவர்மெண்டு ஒங்களுக்குச் சம்பளம் குடுக்குது?"

நளினியின் முகம் வாடிவிட்டது. எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டார். சோதனைக்கு நிலம் தர ஒருவரும் ஒப்பவில்லை. வேலாயியும் ஒப்பவில்லை. ஆனால், "ஒண்ணு மட்டும் குடுத்துட்டுப் போங்க மிஸ், மோந்து பாத்துக்கிட்டே இருக்கேன்" என்று ஒரு துண்டைக் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

மறுநாள் சாயங்காலம் தங்கை மகளுக்கு நிச்சயம். லயத்துக்கு முன்னால் தார்ப்பாய் கட்டி, காஸ் விளக்கு ஏற்றியிருந்தார்கள். வேலாயி பட்டுச்சேலைக்கு மாறியபோது ரப்பர்த் துண்டும் புது முந்தானைக்கு மாறியது. மூக்கு இன்னும் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை.

தட்டு மாற்றிக்கொண்டிருக்கையில் ஒரு பூச்சி அவர் தோளில் வந்து உட்கார்ந்தது. தட்டிவிட்டார். இன்னொன்று வந்தது. கொஞ்ச நேரத்தில் இடுப்பைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு கூட்டமே படபடத்தது. மாப்பிள்ளையின் தாயார் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"வெளக்குக்கு வந்திருக்கும்லா," என்றார் விருந்துக்கு வந்திருந்த வீரப்பன்.

வேலாயி எழுந்தார். விளக்கு வெளிச்சத்தை விட்டு, தண்ணீர்க் குழாயைத் தாண்டி, கோஸ் சரிவின் ஓரம்வரை போய் மங்கிய வானத்தடியில் அசையாமல் நின்றார். பூச்சிகள் விளக்கை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே வந்தன. சரிவிலிருந்தும் எழும்பி வந்தன. முடிச்சை அவிழ்த்து ரப்பர்த் துண்டை வேலிக் கம்பத்தின் தலையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். பாதிப் பூச்சி கம்பத்துக்குப் போயிற்று. மீதி முந்தானையை விடவில்லை.

"ஏங்க! இங்க ஓடியாங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் நிச்சய வீடே எழுந்து வந்தது. வீரப்பன் திறந்த வாயை மூடாமல் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மாப்புள்ளைங்க எல்லாரும் வந்துட்டாங்கலா, எண்ணிப் பாத்துக்குங்க!" என்று வேலாயி சொன்னதும் சம்பந்தி வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் நளினியின் வாசலில் போய் நின்றார். "மிஸ், எத்தன அட்ட வச்சிருக்கீங்க? அம்புட்டயும் கொண்டாங்க."

அடுத்த நடவில் நிலத்தில் வைத்த அட்டைகளில் முதலில் பூச்சி அதிகம் விழவில்லை. பக்கிரிசாமிக்குக் கை துறுதுறுத்தது. மருந்தடிக்கும் பம்பை வேலாயி கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டார். "எம்மேல நம்பிக்க இல்லாட்டி அந்த மிஸ்ஸுமேல வைங்களேன்." ஒருநாள் விடிகாலையில் அட்டையே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பூச்சி ஒட்டிக்கிடந்தபோதுதான் பம்பு வெளியே வந்தது. அந்தப் பருவம் கோஸின் மேல் இலைகள் சல்லடையாக இருந்தாலும் உள்ளே வெள்ளை வெளேரென்று இறுகியிருந்தது. தவுக்கே ஒன்றைப் பிளந்தார், நம்பாமல் இன்னொன்றைப் பிளந்தார், பிறகு லோரியின் பின்கதவைத் திறந்துவிட்டார். பக்கிரிசாமி இப்போது இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். வீரப்பனுக்கு வேலிக்கு மேலாக அட்டை போகிறது.

புழு ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. சில பருவங்களில் அதுதான் ஜெயிக்கிறது. நளினி வரும்போதெல்லாம் வேலாயி அவரைப் படியில் உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, "இப்ப வேற என்னத்தக் கண்டுபுடிச்சிருக்காங்க?" என்று கேட்கிறார். நளினி சொல்வதில் பாதி புரியாவிட்டாலும் முழுவதையும் கேட்டுக்கொள்கிறார்.

இந்தக் கதையைக் கேட்க நான் போயிருந்த மாலையில் எனக்குக் காட்டுவதற்காக ஓர் அட்டையைக் கழற்றினார். அப்போதுதான் வந்து விழுந்த ஓர் அந்து ஓரத்தில் ஒற்றைக் காலில் ஒட்டிக்கொண்டு துடித்தது. "பாவம் சார், நல்லா ஏமாந்துட்டான்" என்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கிரிசாமி சரிவின் கீழே குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார். கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி, அந்தக் காலை மெல்ல விடுவித்து, பூச்சியை உள்ளங்கையில் ஏற்றி, கோஸ் பக்கமாக வாயால் ஊதிவிட்டார்.