ஆட்டோ காரில் ஒரு கிளட்ச்

போன வாரம் காரை சர்வீஸுக்கு விடப் போயிருந்தேன். ஜொகூர் பாருவில் இப்போதெல்லாம் சர்வீஸ் சென்டருக்கும் பல் மருத்துவமனைக்கும் பெரிய வித்தியாசமில்லை. குளிர், மெத்தை நாற்காலி, இலவசக் கோப்பி, நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் நம் கார் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். வரவேற்பில் இருந்த பெண், "கியர் மாறும்போது குலுங்குதா மேடம்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். இருந்தாலும் விவரம் தெரிந்தவள் போலக் காட்டிக்கொள்ள வேண்டுமல்லவா, கியர்பாக்ஸ் எண்ணெய் அளவை ஒருமுறை பார்த்துவிடச் சொன்னேன். "இந்த மாடல்ல அளவு பாக்குற குச்சியே இல்ல மேடம். எல்லாம் சீல்" என்றாள், ஏதோ அவளே சீல் வைத்த மாதிரி.

அவள் சொல்லி முடிக்கவும் கண்ணாடிக் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. உள்ளேயிருந்து ஒரு வாசனை வந்தது. கியர் எண்ணெய் வாசனையை உங்களுக்கு எப்படிச் சொல்வது? கொஞ்சம் மண்ணெண்ணெய், கொஞ்சம் சூடான ரப்பர், அடியில் எங்கோ ஒரு இனிப்பு. என்னைப் பொறுத்தவரை அது அப்பாவின் சட்டைப் பையில் இருந்த கைத்துணியின் வாசனை. இலவசக் கோப்பி ஆறிப்போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அப்பா கோத்தா திங்கியில் செம்பனைக் குலை லோரி ஓட்டியவர். ஒரு நாள் ஆலையில் குலை இறக்கும்போது லோரியின் பின்கதவு கழன்று அவர்மேல் விழுந்தது. இடுப்பில் நரம்பு நசுங்கி, இடது கால் போய்விட்டது. போய்விட்டது என்றால் அங்கேயேதான் இருந்தது. சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, கிள்ளினால் தெரியவில்லை, அவ்வளவுதான். நரம்பு திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகும் என்று டாக்டர் இரண்டு பக்கமும் தலையாட்டினார். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண், "தூக்குங்க அங்கிள், தூக்குங்க" என்பாள். அப்பா முகம் சிவக்க முக்குவார். கட்டைவிரல்கூட அசையாது. கொஞ்ச நாளில் அங்கே போவதையே நிறுத்திவிட்டார்.

பிறகு ஹாலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வாசல் கேட்டைப் பார்க்க ஆரம்பித்தார். காலையில் நான் வேலைக்குப் போகும்போது கேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் வந்தாலும் கேட்டைத்தான். என்னைப் பார்த்தாரா என்று தெரியாது. அந்த மாதங்களைப் பற்றி அம்மாவும் நானும் இன்றுவரை பேசிக்கொண்டதில்லை.

அவரை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பியது ஒரு பழைய ஜப்பான் கார். ஆட்டோ கியர், அதனால் வலது கால் ஒன்று போதும். இத்தனைக்கும் ஆட்டோ கார் என்றாலே அப்பாவுக்கு இளக்காரம். "அது பொம்பளைங்க ஓட்டுறது, உக்காந்தா தானா போவும்" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். விதி அவருக்கு அதையே வாங்கிக் கொடுத்தது. டாக்டரும் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். கார் வந்த பிறகு காலையில் பாய் கடையில் நுரை ததும்பும் தே தாரேக் டீ, மத்தியானம் அம்மாவுக்கு மார்க்கெட், சாயங்காலம் உலு திராமில் இருந்த என் தொழிற்சாலை வாசலில் ஒரு மணி நேரம் முன்கூட்டியே வந்து ஹார்ன் அடிப்பது என்று அப்பா பழைய அப்பாவாகிவிட்டார். எனக்கு சக ஊழியர்கள் முன்னால் வெட்கமாக இருக்கும். ஆனாலும் அந்த ஹார்ன் ஒரு நாள் கேட்காவிட்டால் வாசலுக்கே போய் எட்டிப் பார்ப்பேன்.

ஒரு வருஷம் கழித்துக் கார் குலுங்க ஆரம்பித்தது. கியர் மாறுகிற நேரத்தில் யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துவிட்டு விட்ட மாதிரி ஒரு வெட்டு. அம்மாவின் மார்க்கெட் கூடையிலிருந்து தக்காளி உருளும். "கியர்பாக்ஸ்" என்று அப்பா மெதுவாகச் சொன்னார். வீட்டில் வியாதியின் பெயரைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

ஆ கியோங் என்ற சீனர்தான் எங்கள் மெக்கானிக். தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர், தமிழில் எங்களைவிட நன்றாகத் திட்டுவார். எஞ்சினைச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, ஓடவிட்டபடியே கியர் கம்பை எல்லா இடத்துக்கும் ஒருமுறை தள்ளிக் கொண்டுவந்து, பிறகு குச்சியை உருவினார். அப்பா அதை வாங்கி மூக்கருகே வைத்து முகர்ந்தார். தீய்ந்த வாசனை இல்லை. தண்ணீர் புகுந்திருந்தால் எண்ணெய் பண்டோங் மாதிரி பாலும் ரோஜா சிரப்புமாகத் தெரியும். கோத்தா திங்கியில் யார் பழைய கார் வாங்கினாலும் வெள்ளத்தில் நின்றதா என்ற சந்தேகம் உண்டு. எங்கள் எண்ணெய் நல்ல சிவப்பாகத்தான் இருந்தது. அப்பா குச்சியைத் துடைத்துவிட்டு அந்தத் துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சும்மா பாத்தா தெரியாது லா அண்ணே" என்று ஆ கியோங் ஆரம்பித்தார். எண்ணெயை மாற்றினார். வடிகட்டியை மாற்றினார். ஆக்சிலேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிளை முறுக்கினார், தளர்த்தினார். கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பரை மாற்றினார். ஒவ்வொன்றையும் மாற்றும்போது, "இதுதான் அண்ணே, இதேதான்" என்பார். மறுநாள் தக்காளி உருளும்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், ஆ கியோங் ஓட்டினால் கார் குலுங்காது. அப்பா ஓட்ட, ஆ கியோங் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாலும் குலுங்காது. அப்பாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவார். பள்ளி ஆய்வாளர் வந்த நாளில் வகுப்பு இருப்பதுபோலக் கார் அடங்கி ஓடும். ஆ கியோங் இறங்கியதும் பழைய கதைதான்.

அப்போது நான் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். பழுதைக் கண்டுபிடிப்பதற்கென்றே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, எப்போது வருகிறது என்று கவனி என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் பின் சீட்டில் உட்கார்ந்து கவனித்தேன். அப்பா பழைய லோரிக் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தால் குலுங்கல் வருவதைக் கண்டுபிடித்தேன். இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பீர்கள். நான் விஞ்ஞானபூர்வமாக முடிவெடுத்தேன். நீண்ட பயணத்தில்தான் அப்பா கதை சொல்கிறார், நீண்ட பயணத்தில் எண்ணெய் சூடாகும், ஆகவே சூட்டில் வருகிற பழுது. ஆ கியோங் என்னை மரியாதையாகப் பார்த்தார். "படிச்ச புள்ள லா" என்று சொல்லி ஒரு ஆயில் கூலரைப் பொருத்தினார்.

பாய் கடை முதலாளிக்கு ராமநாதபுரம் பக்கம். வாசலில் நின்று கார் போவதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் அப்பாவிடம், "என்னாண்ணே, உங்க பின்னாடி லைட்டு கண்ணடிச்சிக்கிட்டே போவுது? பின்னாடி வர்றவன் என்னா நெனைப்பான்" என்றார். ஆ கியோங் பிரேக் விளக்கின் பல்பை மாற்றினார், சுவிட்சை மாற்றினார். அதுவும் வேறொரு பழுது என்று நாங்கள் எல்லோரும் தனித்தனியாக நம்பினோம்.

அம்மாவுக்கு இந்த ஆராய்ச்சியில் எல்லாம் நம்பிக்கை இல்லை. கண்பட்டுவிட்டது என்பதுதான் அவர் கட்சி. வெள்ளிக்கிழமை தோறும் டயருக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதோடு, கோயிலில் மந்திரித்த பழம் ஒன்றை எப்போதும் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்திருப்பார். ஒவ்வொரு குலுங்கலுக்கும் அது உருண்டு விழும். அவர் எடுத்து மறுபடி வைப்பார்.

கடைசியில் ஆ கியோங் கையைத் துடைத்தார். "ஹபிஸ் அண்ணே. முடிஞ்சிருச்சி. பாக்ஸ் எறக்கணும். எறக்கினா ஆவுற செலவு இந்தக் காருக்குத் தாங்காது." உலு திராமில் பழைய கார்களை வாங்கி உடைத்து விற்கும் ஒருவர் இருந்தார். அவரிடம் காட்டுவது என்று முடிவானது. வேறு ஆட்டோ கார் வாங்க எங்களுக்கு வழியில்லை. அன்று சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்ததும் ஓரமாகக் கிடந்த நாற்காலியை இழுத்து ஹாலில் போட்டார். கேட்டைப் பார்த்தபடி போட்டார். அம்மா சமையலறைக்குள் போய்விட்டார். எனக்கு அந்த நாற்காலியைத் தூக்கி வெளியே எறிய வேண்டும் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் கிளம்பினோம். அம்மா எதற்கு என்றால், உலு திராமில் மிளகாய்த்தூள் மலிவாம். துக்க வீட்டுக்குப் போகிற மாதிரி உட்கார்ந்திருந்தோம். பாதி வழியில், ஒரு செம்பனை லோரி எங்களை முந்திக்கொண்டு போனது. அப்பாவால் பொறுக்க முடியவில்லை. "இவன் ஏத்தத்துல எந்த கியர்ல போறான் பாரு. அந்தக் காலத்துல நான் மெர்சிங் ரோட்டுல முழு லோடோட..." என்று தொடங்கினார். கார் குலுங்கியது. பழம் உருண்டு அப்பாவின் காலடிக்குப் போனது.

பிரேக்குக்கு அடியில் சிக்கிவிடப் போகிறதே என்று அம்மா குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

"என்னாச்சி?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்ல. நீங்க கதைய சொல்லுங்க."

அம்மா லோரிக் கதை கேட்டதாகச் சரித்திரமே கிடையாது. அப்பா ஆச்சரியத்தோடு தொடர்ந்தார். அம்மா பின்னால் கையை நீட்டி என் முழங்காலைப் பிடித்து இழுத்தார். "காலப் பாரு" என்றார், உதடு மட்டும் அசைய.

இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நுழைத்துப் பார்த்தேன். எஞ்சின் சத்தம் ஏறியது. கியர் மாறப்போகிறது என்று நமக்கே தெரியும் அந்த இடத்தில், அப்பாவின் இடது பாதம் தரையைவிட்டு எழும்பியது. இல்லாத கிளட்சைத் தேடி முன்னால் போய், அகலமான பிரேக்கின் ஓரத்தில் இடித்து, வழுக்கிக் கீழே விழுந்தது. கார் வெட்டியது. அப்பா கொட்டைப்பாக்கு அளவு வளைவில் லோரியைத் திருப்பிய கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை.

ஒரு டுரியான் கடைக்கு முன்னால் நிறுத்தச் சொல்லி அம்மா விஷயத்தைச் சொன்னார். அப்பா நம்பவில்லை. காலைப் பார்த்து, "எங்க, தூக்கு" என்றார். அது ஆஸ்பத்திரியில் இருந்த மாதிரியே இருந்தது. "சும்மா சொல்லாத. என்னைய சமாதானம் பண்ணப் பாக்குற" என்று காரை எடுத்தார். கவனம் முழுக்கக் காலிலேயே இருந்ததால் கார் தண்ணீர் போல ஓடியது. உலு திராம் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னார்: "ஆமா, பெரிய டிரைவரு. அந்த மெர்சிங் ரோட்டுல லோரிய கவுத்தது நீங்கதானே."

"யாரு கவுத்தா? நானா? கவுத்தவன் செல்லையா. அவன் ரெண்டாவது கியர் போடாம..."

கார் வெட்டியது. இந்த முறை அப்பா குனிந்து பார்த்துவிட்டார். அவருடைய இடது பாதம் பிரேக்கிலிருந்து இறங்கி, தப்பு செய்துவிட்டு வருகிற பிள்ளை மாதிரி பழைய இடத்துக்கு வந்துகொண்டிருந்தது.

காரை ஓரங்கட்டினார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அம்மா காலடியிலிருந்த பழத்தை எடுத்துத் துடைத்து மறுபடி கண்ணாடிக்குக் கீழே வைத்தார். மிளகாய்த்தூள் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

விஷயம் கேட்டு ஆ கியோங்குக்குப் பாதி சந்தோஷம், பாதி வருத்தம். "அலமாக், அப்ப என் கூலர்?" என்றார். பிறகு அவராகவே ஒரு பழைய லோரிப் பெடலை வெட்டி, மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங் ஒன்றைப் போட்டு, பிரேக்குக்கு இடதுபுறம் வெல்டிங் செய்து கொடுத்தார். எதனோடும் இணைக்கப்படாத கிளட்ச். ஆட்டோ காரில் அது எதற்கும் உதவாது. அப்பா அதை மிதித்துக்கொண்டே கோத்தா திங்கி முழுவதும் சுற்றினார். கியர் மாறும் இடம் வந்தால் கால் தானாகப் போய் மிதிக்கும். மெல்ல மெல்ல, அவர் சொன்னாலும் மிதித்தது. ஆஸ்பத்திரிப் பெண்ணிடம் போய்க் காட்டியபோது அவள் இது எந்தப் பயிற்சி என்று கேட்டாள். அப்பா, "மெர்சிங் ரோடு" என்றார்.

அந்தக் கார் பிழைத்ததா என்று கேட்பீர்கள். காலைக் காப்பாற்றியதுதான் அதற்கு வினையாக முடிந்தது. கைத்தடியோடு நடக்க ஆரம்பித்த அப்பா ஒரு நாள், "இதுல என் காலுக்கு வேலையே இல்ல" என்று முகத்தைச் சுளித்தார். அதே உலு திராம்காரரிடம் தானே ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, உண்மையான கிளட்ச் வைத்த ஒரு ஓட்டை வேனோடு வந்தார். உடைக்கிறவர் அந்தப் பெடலைப் பார்த்து என்ன நினைத்தாரோ தெரியாது. அதையாவது கழற்றி வாங்கி வைத்திருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.

ஆ கியோங்கின் ஒர்க்ஷாப் இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். பாய் கடை கைமாறிவிட்டது. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. கடைசிவரை இரண்டு காலாலும்தான் வண்டி ஓட்டினார்.

சர்வீஸ் முடிந்து, அம்மாவை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் காரில் கியர் மாறுவது காதுக்கும் தெரியாது, உடம்புக்கும் தெரியாது. அம்மாவுக்கு மட்டும் எப்படியோ தெரிகிறது. ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் லேசாக உயர்ந்த இடத்தில், பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து என் காலடியைப் பார்த்தார். எப்போதும் அப்படித்தான் பார்ப்பார். என் இடது கால் சும்மா கிடந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.