பத்தியத்தை எடுத்துவிட்ட பாய்

மணியம் அண்ணன் கவுண்டரில் மாத்திரைப் பையை வைத்து, "தங்கச்சி, இத வேற யாருக்காவது குடுத்துரு லா. என் வீட்டுக்காரிக்கு இனிமே வேணாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பையைப் பிரித்ததும் போய்விட்டது. உள்ளே ஸ்டீராய்டு மாத்திரை.

தொண்ணூறுகளில் மலேசியாவில், மலாக்கா பக்கம் செலண்டாரில் ஒரு கிளினிக்கில் டிஸ்பென்சராக இருந்தேன். மருந்து கட்டிக் கொடுத்து, எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்வது என் வேலை. மணியம் அண்ணன் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டினார். அவர் மனைவி லெட்சுமி அக்கா மூளைக் காய்ச்சலில் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து, அப்போதுதான் வீடு வந்திருந்தார். இந்த மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் உடம்பு சரிந்துவிடும்.

"ஏண்ணே நிறுத்துனீங்க?"

"வல்லாரைச் சாறும் மஞ்சளும் குடுக்கறேன்ல? நாட்டு மருந்துக்குப் பத்தியம் இருக்கு. புளி கூடாது, மீனு கூடாது. இங்கிலீஷ் மருந்த மட்டும் உள்ள விட்டா முறிஞ்சிராதா?"

"அக்கா இப்ப எப்படி இருக்காங்க?"

"ஒரே வாந்தி, மயக்கம். மாத்திரையோட நஞ்சு வெளியாவுது."

ஓடிப்போய் டாக்டரம்மாவை அழைத்து வந்தேன். உடனே வீட்டுக்குப் போய் அக்காவுக்கு ஊசி போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்றார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஊசி வேணாம்மா. இந்தச் சாறு குடிச்ச அன்னிக்குத்தான் என்னப் பேர் சொல்லிக் கூப்பிட்டா. கட்டுன நாள்லேர்ந்து கூப்பிட்டதே இல்ல!"

அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. விசாரித்தால், அவரும் பத்தியமாம். "அவ மட்டும் வாய்க்கு ருசியில்லாம திங்கறது பாவமா இருக்கு தங்கச்சி."

டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. "மஞ்சள்ல, வல்லாரையில இருக்கற சத்து மூளை வீக்கத்தக் கொறைக்குமான்னு படிச்சவங்க பாத்துக்கிட்டுதான் இருக்காங்க. நான் குறை சொல்லல. ஆனா இன்னிக்கு அவங்க உயிரப் புடிச்சி வைக்கறது இந்த மாத்திரைதான்." அண்ணன் தலையாட்டினாரே தவிர, நகரவில்லை.

பத்தியம் போட்டவர் சொன்னால்தான் இவர் கேட்பார் என்று தோன்றியது. நாட்டு மருந்து கொடுத்தது பக்கத்து ஊரான ஜாசினில் மளிகைக்கடை வைத்திருந்த பாய். அண்ணனிடம் நம்பர் வாங்கி, கிளினிக் போனிலேயே பிடித்து, விஷயத்தைச் சொல்லி, அண்ணன் காதில் வைத்தேன். பாய் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"அட என்னாப்பா நீ! நான் புளியத்தானே நிறுத்தச் சொன்னேன், டாக்டரையா நிறுத்தச் சொன்னேன்? இந்தா, நான் குடுத்த பத்தியம், நானே எடுத்துட்டேன். சாறையும் நிறுத்து. அந்த டாக்டரம்மா குடுன்னா அப்புறம் குடு. போ, லெட்சுமிப் புள்ளைய ஏத்து வண்டியில!"

அண்ணன் போனை வைத்ததும், "வாங்க டாக்டரம்மா, வழி காட்டறேன்" என்று முன்னால் ஓடினார்.

நாங்கள் போனபோது லெட்சுமி அக்கா கண்ணைத் திறக்கவே சிரமப்பட்டார். டாக்டரம்மா ஊசி போட்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அண்ணன் அக்காவின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தார். அக்கா பிழைத்தார். பழைய வேகம் இல்லை. ஆனால் அடுத்த மாத்திரையை வாங்க அவரே நடந்து வந்தார்.

புதிதாகக் கவுண்டருக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மருந்தை நீட்டுவதற்கு முன்னால், வீட்டில் வேறென்ன கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். "ஏச மாட்டீங்களே?" என்பார்கள். ஏசாமல் இருங்கள். பாசத்தில் கொடுப்பதைத்தான் நம்மிடம் மறைப்பார்கள்.